தணிக்கைக்கு எந்தச் சாவி?

கேள்வி: நவல்பட்டு எல்காட் பூங்காவில் வேலை. தணிக்கை ஆதாரங்களைத் தானே திரட்டும் மென்பொருள் வாங்கியிருக்கிறோம். டேட்டாபேஸ் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: ஏழு பிரகாரம் உள்ள ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! கோபுரம் எண்ண வந்தவர் 21-ஐயும் நடந்தே எண்ணிக்கொள்ளட்டும். பெருமாள் சன்னிதிச் சாவி எதற்கு?

யாருக்கு என்ன அனுமதி, குறியாக்கம் இயங்குகிறதா, லாக் பதிவாகிறதா... தணிக்கைக்கு வேண்டியது இவ்வளவுதான். வாடிக்கையாளரின் ஆதார் எண் அல்ல. போஸ்ட்கிரெஸ் என்றால் தனி யூசர் ஒன்றை உருவாக்கி, 'பிஜி_ரீட்_ஆல்_செட்டிங்ஸ்' கொடுங்கள். அமைப்புகளைப் படிக்கலாம், டேபிளைப் படிக்கும் உரிமை அதில் இல்லை. யூசர் பட்டியல் எந்த லாகினுக்கும் இயல்பாகவே தெரியும். 'பிஜி_ரீட்_ஆல்_டேட்டா' பக்கம் மட்டும் கை போகக் கூடாது. அது மொத்த டேபிளையும் திறந்துவிடும்.

ஒரே ஐபி முகவரியிலிருந்து மட்டும் நுழையவிடுங்கள். அந்த நுழைவும் லாக்கில் ஏறட்டும். லாக்கை 180 நாள் வைத்திருக்கச் சொல்வது செர்ட்-இன்னின் 2022 உத்தரவு.

மீறி அட்மின் அதிகாரம் கொடுத்தால் ஒரு லாபம் உண்டு: தணிக்கை அறிக்கையின் முதல் குறையைத் தேட வேண்டியிருக்காது, அந்த மென்பொருளே அதுதான்!