நாக்கு தவறிய நேரத்தில்

தமிழ் கிரிக்கெட் வர்ணனையில் 'மழை' அடிக்கடி 'மளை' ஆகிவிடுகிறதே?

மழை பெய்தால் ஆட்டம்தான் நிற்கும். 'மளை' பெய்தால் ழகரமே நின்றுவிடும். ஆடுகளத்தின் ஈரம்வரை அலசிவிட்டு வருகிறவர், நாக்கை மடிக்கவும் ஐந்து நிமிடம் பழகிவிட்டு வரலாம்.

முரளிதரன் பெயரை ஆங்கில வர்ணனையாளர்கள் கடித்துக் குதறினார்களே, நாக்கில் சுளுக்கா?

சுளுக்கு நாக்கில் இல்லை, எழுத்தில். நம் 'த' உயிருக்குப் பின்னால் வந்தால் மெலிந்து ஒலிக்கும். அதை ஆங்கிலத்தில் 'th' என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் என்னதான் செய்வார்கள்? ஆஸ்திரேலியா – இலங்கை டெஸ்ட் தொடருக்கான வார்ன்–முரளிதரன் கோப்பையில் 'd' மட்டும் போட்டுத் திருத்தமாக எழுதினார்கள். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவருக்கு ஓர் எழுத்து மரியாதை!

வர்ணனை உளறல்களுக்குப் பத்திரிகையில் தனிப் பகுதியே இருந்ததாமே?

லண்டன் 'பிரைவேட் ஐ' இதழில். பிபிசி வர்ணனையாளர் டேவிட் கோல்மன் பெயரில்தான் அந்தப் பகுதி. ஆனால் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் கியூபா ஓட்டக்காரர் யுவாண்டொரேனாவின் காலைப் பற்றி வந்த, எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் உளறல் சக வர்ணனையாளர் ரான் பிக்கரிங் வாயிலிருந்து வந்தது. பழி மட்டும் கோல்மனுக்கு.

வாயில் நுழையாத பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டால் என்ன குற்றம்?

சேதேஷ்வர் புஜாராவைச் 'சேது' என்றால் அது சுருக்கம். 'ஸ்டீவ்' என்றால்? யார்க்ஷயர் அணியில் அவருக்கு ஒட்டிய அந்தப் பெயரை 2020 அடிலெய்டு டெஸ்ட்டில் ஷேன் வார்ன் ஒலிவாங்கியிலேயே சொன்னார். புஜாராவின் அப்பா அம்மா வைத்த பெயர் அதில் எங்கே இருக்கிறது?