மோட்டார்க் கந்த நிர்ணயம்

உத்தேசம்

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று அள்ளிச் சென்றுவிடுவதால் புலப்படாதிருந்து, வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியதும் எழுந்து முகத்தில் அறையும் வாசனை எதுவோ, அதுவே இவ்வாராய்ச்சியின் விஷயம். அதற்கு என்ன பெயரிடுவதென்பதே முதற் சங்கடம். நாற்றம் என்னும் சொல் ஒருகாலத்தில் மலருக்கும் சந்தனத்துக்கும் உரியதாயிருந்து, பின்னர் சாக்கடைக்கு இறங்கியது யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணத்தில் மணமும் அவ்வழியே சென்றுவிட்டது. "கார் மணக்குது" என்று இங்கே ஒருவர் சொன்னால் அது பாராட்டன்று, முறைப்பாடு. ஆகவே பட்சபாதமற்ற கந்தம் என்னும் வடசொல்லையே கையாளுகிறேன். மூக்கறிவைத் தொல்காப்பியர் மூன்றாவதாக வைத்து, மூவறிவுயிர்க்கு எறும்பை உதாரணமாகக் காட்டியதையும் வாசகர் நினைவில் இருத்துக, பின்னர் பயன்படும்.

இலக்கணம்

கந்தமாவது மூக்கினால் அறியப்படும் குணமென்றும், நற்கந்தம் துர்க்கந்தம் என இருவகைப்படுமென்றும், பிருதிவி ஒன்றிலேயே தங்குமென்றும் தருக்கசங்கிரகத்தில் அன்னம்பட்டர் வரையறுத்தார். எண்ணெய் ஓடும் பொருளாயிற்றே, அதற்குக் கந்தம் வந்தது எவ்வாறு என்று ஆட்சேபிப்பார்க்குரிய விடை, 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டு குடாநாட்டின்மேல் பொருளாதாரத் தடை விழுந்தபின், எங்கள் தெருக்களிலேயே ஓடிற்று. பெற்றோல் மருந்துபோல் போத்தலில் அளந்து விற்கப்பட்ட அந்நாட்களில், ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை ஆசமனம்போல் ஏற்று உயிர்பெற்று, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி நகர்ந்தன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் செவ்வனே ஆவியாகாது. சூடேறிய பின்னரோ, அமுக்க விகிதம் குறைந்த அப்பழைய எஞ்சின்கள் அதை ஒருவாறு சகித்துக்கொள்ளும். எரியாது எஞ்சியதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்ய, மறுபங்கு வெண்புகையாகிப் பின்னே சைக்கிளில் வருபவரின் மூக்கை அடைந்தது. மண்ணெண்ணெய் தன் பெயரிலேயே மண்ணைச் சுமந்து நிற்றலின், அன்னம்பட்டரின் இலக்கணத்துக்கு அவ்வியாத்திக் குற்றம் நேரவில்லை என்பது என் துணிபு.

பரீட்சை

புகையைக் கண்டு நெருப்பை அறிவது காரிய ஏது. குளிரின்மையைக் கொண்டு பனியின்மையை அறிவது அனுபலத்தி ஏது. சிவஞான சித்தியார் கற்றோர் இதை அறிவர். கராச்சுக்காரர் கல்லாமலே அறிவர். ஒயில் கருகும் கந்தமாயின், தப்பற் கவரின் பாக்கிங் கசிந்து, சொட்டுகள் சுடுகின்ற புகைக்குழாயில் விழுகின்றன, பாக்கிங்கை மாற்றுக. றபர் கருகுமாயின் விசிறிப் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, இறுக்குக. அழுகிய முட்டையாயின் பற்றறி அளவுக்குமேல் மின்னேறிக் கொதிக்கிறது. புதிய காராயின் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியையும் சந்தேகிக்கலாம். ஈரச்சாக்காயின் குளிரூட்டியின் நீர் வடியும் குழாய் அடைபட்டுள்ளது. பெற்றோலாயின், சுருட்டுப் பற்றவைக்கும் எண்ணத்தை முதலில் கைவிட்டு, காபரேற்றரின் மிதவையையும் குழாய்ப் பொருத்துகளையும் ஆராய்க. பிறேக் லைனிங் கருகுமாயின், கைப்பிறேக்கை விடுவியாமலே காரைச் செலுத்தி வந்திருக்கக்கூடும். அங்கே திருத்தப்பட வேண்டியவர் சாரதி.

நிர்ணயம்

இவ்வளவும் அறிந்த என் மொறிஸ் மைனரே ஒருநாள் பருத்தித்துறையிலிருந்து வல்லைவெளி கடந்து, உச்சி வெயிலில் வீடு வந்து நின்றதும் இனிப்பாய் மணக்கத் தொடங்கிற்று.

"மாமா, இனிப்பு மணமெண்டால் கூலன்ற்தான் ஒழுகுது. ரேடியேற்றரைக் கழட்டிப் பாப்பம்" என்றான் மருமகன்.

எதிலீன் கிளைக்கோல் சேர்ந்த கூலன்ற் இனிப்பாய் மணக்குமென்பது மெய்யே. ஆயினும் அது தண்ணீர் உறையும் தேசத்தார்க்கு விதித்த பொருள். என் ரேடியேற்றரோ என்னிடம் வந்த நாள்முதல் கிணற்றுச் சுண்ணாம்பு நீரன்றி வேறொன்றும் அருந்தியதில்லை. கிளைக்கோலே இல்லாவிடத்து அதன் ஒழுக்கு எங்ஙனம்? இந்த அனுபலத்தி ஏதுவை நான் விரித்துரைத்து முடிப்பதற்குள் கராச்சுக்காரர் அழைக்கப்பட்டு, ரேடியேற்றர் கழன்று, முற்றத்து வேம்பின் கீழ்ச் சாய்ந்து நின்றது.

அரைநாள் அதை ஊதியும் தட்டியும் பரிசோதித்த அவர், கையைத் துடைத்துக்கொண்டே, "மாஸ்டர், இதில ஒரு பிழையுமில்லை. உந்த எறும்பை ஒருத்தரும் பாக்கேல்லையோ?" என்றார்.

முன்சில்லில் ஏறிய வரிசையொன்று கதவு நிலையைக் கடந்து, பின்சீற்றின் அடியிலே மறைந்தது. அங்கே, பருத்தித்துறையில் வாங்கி மறந்த பனங்கட்டிக் குட்டானொன்று, புகைக்குழாய் செல்லும் தரைத்தகட்டின் சூட்டில் இளகி, கார்ப்பெற்றில் பாதி ஊறிக் கிடந்தது. ஆறறிவுடையார் மூவர் தருக்கத்தால் அடையாத முடிபை மூவறிவுயிர் மூக்கினாலேயே அடைந்திருந்தது.

கார்ப்பெற்றை இருமுறை சுடுநீரில் அலசி வெயிலில் போட்டோம். எஞ்சிய பாதிக் குட்டானை எறும்பு தட்டிக் கடித்துக்கொண்டு, மூவரும் பிளேன்ரீ குடித்தோம். ரேடியேற்றரைத் திரும்பப் பூட்டுவதற்கான கூலி வேறாகக் கணக்கிடப்பட்டது.