200 எம்பியில் ஓர் ஆர்கெஸ்ட்ரா
வாசகர் கேள்வி–பதில்

கே: சாம்பிள் லைப்ரரி என்கிறார்களே, கணினியே வயலின் வாசித்துவிடுமா? (பள்ளி ஆசிரியை, நாமக்கல்)

ப: கணினிக்கு வாசிக்கத் தெரியாது. என்றோ ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாக வாசித்திருக்கிறார். நீங்கள் கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவு திரும்ப ஒலிக்கிறது. யோசனை பழையது. 1963-ல் இங்கிலாந்தில் வந்த மெலட்ரான் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா இருந்தது. ஏறக்குறைய எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்தே ஆகவேண்டும். பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் ஒலி அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு நாடாவின் இடத்தில் ஹார்ட் டிஸ்க். உள்ளே இருப்பது இன்றும் யாரோ ஒருவரின் மூச்சும் விரலும்தான். இந்த வாரக் கேள்விகளில் பாதிக்கு இதிலேயே விடை இருக்கிறது.

கே: என் கணவர் தினமும் இரவு இலவச லைப்ரரியாக இறக்கிக்கொண்டே இருக்கிறார். பாட்டு எப்போது வரும்? (இல்லத்தரசி, ஈரோடு)

ப: இறக்குவது நின்றதும் வரும். ஒரு பியானோ, ஒரு ஸ்ட்ரிங்ஸ், ஒரு டிரம்ஸ். இவற்றை மட்டும் வைத்து ஒரு பாட்டை முடிக்கச் சொல்லுங்கள். நாலாவது அதற்குப் பிறகு.

கே: பியானோவுக்கு ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் அண்ணா. கையில் காசில்லை. (பொறியியல் மாணவர், திருச்சி)

ப: சாலமாண்டர் கிராண்ட் பியானோ, தம்பி. அலெக்சாண்டர் ஹோம் என்பவர் ஒரு யமஹா சி5 பியானோவைப் பொறுமையாகப் பதிவு செய்து உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். எஸ்எஃப்இசட் வடிவத்தில் கிடைக்கும். அதை வாசிக்க பிளோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்சாண்டோ போதும், அதுவும் இலவசம்.

இறக்கியதும் பாட்டுப் போடாதே. முதலில் கேள். இதில் எல்லாக் கட்டையும் பதிவாகவில்லை, மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்றுதான்: ஏ, சி, டி ஷார்ப், எஃப் ஷார்ப். இடையில் உள்ளவை பக்கத்துக் கட்டையின் பதிவைச் சற்று ஏற்றியோ இறக்கியோ செய்தவை. சி ஷார்ப்பையும் டி-யையும் மாறி மாறி வாசித்துப் பார். சி ஷார்ப் ஒலிப்பது சி-யின் பதிவில், டி ஒலிப்பது டி ஷார்ப்பின் பதிவில். அந்த எல்லையில் கம்பியின் குணம் துளி மாறும். அடுத்து ஒரே கட்டையை மிக மெதுவாகத் தொடங்கி வரவர அழுத்தி வாசி. இந்தப் பியானோவில் மென்மை முதல் அழுத்தம் வரை பதினாறு அடுக்குப் பதிவுகள் இருப்பதால் படி தெரியாமல் ஏறும். கட்டையை விடும்போது எழும் மெல்லிய ‘டக்’, பெடல் சத்தம் எல்லாம்கூடத் தனியாகப் பதிவாகியிருக்கின்றன. ஒரு முழு மாலை இதற்குக் கொடு. பிறகு எந்தப் பியானோவைக் கேட்டாலும் அது எப்படிச் செய்யப்பட்டது என்று உன் காது சொல்லிவிடும்.

கே: ஒரே சுரத்தை வேகமாக வாசித்தால் மெஷின் கன் மாதிரி சுடுகிறது. லைப்ரரி கெட்டுப்போய்விட்டதா? (டிரம்ஸ் கற்பவர், தூத்துக்குடி)

ப: கெடவில்லை, ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. எந்தக் கலைஞரும் ஒரே அடியை இரண்டு முறை ஒரே மாதிரி அடிப்பதில்லை. அதனால் நல்ல லைப்ரரியில் ஒரே அடியையே மூன்று நான்கு முறை பதிவு செய்து சுழற்சியில் ஒலிக்க விடுவார்கள். ரவுண்ட் ராபின் என்று பெயர். எந்த லைப்ரரியைச் சோதித்தாலும் ரிவர்பை அணைத்துவிட்டு ஒரே கட்டையை எட்டு முறை தட்டிப் பாருங்கள். ரிவர்ப் பல குறைகளை மூடிவிடும்.

கே: ஒரு பியானோவுக்கு ஏன் இத்தனை ஜிபி? என் லேப்டாப் அழுகிறது. (வங்கி ஊழியர், கும்பகோணம்)

ப: கணக்குத் தெரிந்தவர், போட்டுப் பாருங்கள். 88 கட்டை, ஐந்து அடுக்கு, ஒவ்வொன்றும் 10 நொடி: மொத்தம் 4,400 நொடி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் நொடிக்கு 2,88,000 பைட். சுமார் 1.27 ஜிபி வந்துவிட்டது. ரவுண்ட் ராபின் மூன்று சேர்த்தால் 3.8 ஜிபி. மைக்கை இன்னொரு இடத்தில் வைத்தும் பதிவு செய்திருந்தால் அதுவும் இரட்டிப்பு. நல்லவேளையாக, பல பிளேயர்கள் முழுவதையும் ரேமில் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு மீதியை டிஸ்கிலிருந்து ஓட ஓட எடுக்கின்றன. ரேமுக்குச் செலவழிக்கும் முன் ஓர் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

கே: பிபிசி ஆர்கெஸ்ட்ராவே இலவசம் என்கிறார்களே, நிஜமா? போட்டுப் பார்த்தேன், வயலின் எல்லாம் ஆர்மோனியம் மாதிரி கேட்கிறது. (குறும்பட இயக்குநர், மதுரை)

ப: நிஜம். லண்டனில் மைடா வேல் ஸ்டுடியோவில் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை ஸ்பிட்ஃபயர் ஆடியோ பதிவு செய்தது. அதன் மிகச் சிறிய பதிப்புதான் டிஸ்கவர். 2020-ல் வந்தபோது பணம் கட்டலாம், இல்லையென்றால் ஒரு படிவம் நிரப்பி இரண்டு வாரம் காத்திருந்து இலவசமாகப் பெறலாம் என்று வைத்தார்கள். பெரிய பதிப்பு 500 ஜிபிக்கு மேல், டிஸ்கவர் 200 எம்பி அளவுதான். அவ்வளவு சுருக்கியும் அந்தக் கூடத்தின் காற்று அதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தொகுப்பு இது.

ஆர்மோனியம் விஷயத்துக்கு வருவோம். இரண்டு காரணம். ஒன்று, மாட் வீலைத் தொடாமல் வாசித்திருப்பீர்கள். இதில் நீண்ட சுரங்களின் மென்மையும் அழுத்தமும் மாட் வீல் அனுப்பும் மிடி கன்ட்ரோலர் 1-ல் இருக்கின்றன, கட்டையை அழுத்தும் வேகத்தில் இல்லை. எக்ஸ்பிரஷன் 11-ல். ஒவ்வொரு நீண்ட சுரமும் கொஞ்சம் எழுந்து கொஞ்சம் அடங்க வேண்டும், வில் அப்படித்தான் நகரும். இரண்டாவது, முதல் வயலின் என்ற ஒரே ஒலியில் மூன்று சுரக் கார்டு பிடித்திருப்பீர்கள். அந்தப் பதிவில் ஏற்கெனவே 16 பேர் வாசிக்கிறார்கள். மூன்று கட்டை அழுத்தினால் 48 வயலின்! மேல் சுரத்தை முதல் வயலினுக்கும், நடுவை வியோலாவுக்கும், கீழ்ச் சுரத்தைச் செல்லோவுக்கும் பிரித்துக் கொடுங்கள். புல்லாங்குழல் எழுதினால் நடுநடுவே மூச்சு வாங்க இடம் விடுங்கள். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணி எழுதினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

கே: இலவசம் என்றுதான் போட்டிருந்தது. கான்டாக்ட் பிளேயரில் திறந்தால் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது! (கோயில் நாதஸ்வரக் குழு கீபோர்டு கலைஞர், மாயவரம்)

ப: லைப்ரரி இலவசம், அதைத் திறக்கும் சாவிக்கு விலை. பிளேயருக்கென்று உரிமம் பெறாத லைப்ரரிகள் இலவச கான்டாக்ட் பிளேயரில் பதினைந்து நிமிடம்தான் ஓடும். தொடர்ந்து வாசிக்க முழு கான்டாக்டைக் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். இறக்குவதற்கு முன்பே ‘முழு கான்டாக்ட் தேவை’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் டிசென்ட் சாம்பிளர், ஸ்ஃபோர்சாண்டோ போன்ற பிளேயர்கள் பக்கம் வந்துவிடுங்கள்.

கே: இலவச நாதஸ்வரம், வீணை ஒன்றுகூட மனசுக்கு ஒட்டவில்லையே, ஏன்? (இசைக் கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

ப: ஏனென்றால் நம் இசை சுரத்தில் மட்டும் இல்லை, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. தோடியின் காந்தாரத்தைத் தனியே பதிவு செய்து ஒரு கட்டையில் ஒட்டிவிட முடியுமா? அது அசைந்தால்தான் காந்தாரம். பிட்ச் வீலைத் திருப்பலாம். பெரும்பாலும் அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்றே அமைத்திருக்கும், அதை விரிக்கவும் முடியும். ஆனாலும் மீட்டிய ஒரே பதிவை இழுத்து வளைப்பதும், விரல் கம்பியை இழுப்பதும் காதுக்கு வேறு வேறுதான். மிருதங்கம் கொஞ்சம் ஒத்துழைக்கும். நம், தீம், சாப்பு எல்லாம் தனித்தனி அடிகள். அங்கேயும் இடது பக்கமான தொப்பியில், கையை இழுத்து வாசிக்கும் கும்கி வந்தால் மாட்டிக்கொள்ளும். ஓரளவு நிறைவாக வருவது தம்புராதான். தஞ்சாவூரில் இருந்துகொண்டு நாதஸ்வரத்துக்குக் கணினியைக் கேட்காதீர்கள் அம்மா. பக்கத்துத் தெருவில் வாசிப்பவரைச் சம்பளம் பேசி அழைத்துப் பதிவு செய்யுங்கள்.

கே: இலவச ஒலியை வைத்துச் செய்த பாட்டை விற்கலாமா? (விளம்பர ஜிங்கிள் எழுதுபவர், கோவை)

ப: லைப்ரரியோடு வரும் உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள். விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன் என்ற ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி சிசி ஜீரோ உரிமத்தில் வந்தது, எதற்கும் பயன்படுத்தலாம். சிலவற்றுக்குச் செய்தவர் பெயரைப் போட வேண்டும், போடுங்கள். வணிகத்துக்குக் கூடாது என்று எழுதியிருந்தால் ஜிங்கிளில் தொடாதீர்கள். நிறுவனங்கள் தரும் இலவசங்களில் பெரும்பாலும் பாட்டு செய்து விற்கலாம், ஒலிகளையே எடுத்து இன்னொரு லைப்ரரியாக விற்கக் கூடாது.

கே: நண்பர் விலையுயர்ந்த லைப்ரரிகளை எல்லாம் உடைத்துப் பென்டிரைவில் தருகிறார். வாங்கிக்கொள்ளவா? (பெயர் வேண்டாம், சென்னை)

ப: நண்பரை வைத்துக்கொள்ளுங்கள், பென்டிரைவைத் திருப்பிக் கொடுங்கள். வாசித்தவருக்குக் கூலி போக வேண்டும். மனமுவந்து இலவசமாகக் கொடுத்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது திருட என்ன அவசியம்?

கே: தாத்தாவின் ஆர்மோனியம் வீட்டில் இருக்கிறது. அதை நானே லைப்ரரி ஆக்க முடியுமா? (தையல் கடை நடத்துபவர், யாழ்ப்பாணம்)

ப: இந்த வாரத்தின் மிகச் சிறந்த கேள்வி. முடியும், ஆர்மோனியம் இதற்கு அருமையான கருவி. கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் ஒலி மாறாது, துருத்தியில்தான் அழுத்தம். அதனால் அடுக்குகள் தேவையில்லை. ஃபேனை நிறுத்துங்கள், குக்கர் அடங்கட்டும். மைக்கை ஓரிடத்தில் வைத்தால் முடியும்வரை நகர்த்தாதீர்கள். துருத்தியைச் சீராக இயக்க ஒருவர், கட்டை பிடிக்க ஒருவர். மூன்று கட்டைக்கு ஒன்று போதும், ஒவ்வொன்றும் பதினைந்து நொடி. எல்லாம் முடிந்ததும் துருத்தியின் மூச்சுச் சத்தத்தை மட்டும் தனியாக எடுங்கள், தாத்தாவின் கருவிக்கு அடையாளமே அதுதான். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை ஒட்ட வெட்டுங்கள், இல்லையென்றால் கட்டை தாமதமாகப் பேசும். டிசென்ட் சாம்பிளரின் பிரீசெட் என்பது சாதாரண எழுத்துக் கோப்புதான். எந்தப் பதிவு எந்தக் கட்டைக்கு என்று அதில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பிறகு பியானோபுக் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். பலர் இப்படித் தம் வீட்டுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ளும் இடம் அது. ஆர்மோனியம் எந்த ஊரில் செய்தது, தாத்தா எந்தப் பாட்டுக்கு வாசிப்பார் என்றும் நாலு வரி சேர்த்து எழுதுங்கள்.