பல் பிடுங்கிய குழியும் கொங்குநாட்டுச் சந்தகையும்: ஓர் ஆய்வு

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புபவருக்கு ஐஸ்கிரீமே உணவு என்பது உலக வழக்கு. அவ்வழக்கு கோயமுத்தூருக்குப் பொருந்தாது. கொங்கு வயிறு ஐஸ்கிரீமை ஒரு வேளைச் சாப்பாடாக ஏற்றதில்லை. சந்தகையே தக்கது என்பது நம் துணிபு.

முதலில் குழியின் இயல்பைக் காண்போம். பல் இருந்த இடத்தில் இரத்தம் உறைந்து நிற்கும். உள்ளிருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் அதுவே மூடி. அது பெயர்ந்தால் ஓரிரு நாளில் காதுவரை தெறிக்கும் வலி வரும். பல் மருத்துவர்கள் அதை ‘ட்ரை சாக்கெட்’ என்பார்கள். ஆகவே முதல் 24 மணி நேரம் துப்பவும் கொப்பளிக்கவும் உறிஞ்சவும் தடை. இம்மூன்றையும் கழித்தால் பாட்டி வைத்தியத்தில் மிச்சம் என்ன என்பதை அறிஞர்கள் இன்னும் கண்டறியவில்லை. பொள்ளாச்சி இளநீருக்கும் விலக்கில்லை. ஸ்ட்ராவைத் தூக்கிப் போட்டுவிட்டு டம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம்.

இனிச் சந்தகை. புழுங்கலரிசியை ஊறவைத்து, அரைத்து, வேகவைத்து, சூடு ஆறுமுன் பிழிய வேண்டும். ஆறினால் பிழிபவரின் தோள் கழன்றுவிடும். நோயாளியோ ஆறிய பிறகே உண்ண வேண்டும். சூடு பட்டால் இரத்தம் கசியும். ஆகவே பல்லைப் பிடுங்குமுன் வீட்டில் பிழிய ஆளிருப்பதை உறுதிசெய்க.

தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த சந்தகைக்குப் பல்லே வேண்டாம். ஆபத்து தாளித்ததில்தான். எலுமிச்சைச் சந்தகையின் கடலைப்பருப்பு கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். கடுகு சட்டென்று தெரியாது. எள்ளுச் சந்தகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்: ஓர் எள் குழிக்குள் இறங்கிவிட்டால் நாக்கு வேறெந்த வேலையும் பார்க்காது. தாளிக்காமல் இறக்குவதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் சமையலறைகள் இங்கு உண்டு. உதடு மரத்துப்போகுமுன் சொல்லி வைத்துவிடுக.

வீக்கம் உச்சம் தொடுவது இரண்டாம், மூன்றாம் நாளில். உறவினர் வருகையும் அப்போதே உச்சம் தொடுகிறது. காரண காரியத் தொடர்பு தனி ஆய்வுக்குரியது. “எங்கீங்கண்ணா, வாயத் தொறங்க பாக்கலாம்” என்று செல்போன் டார்ச்சை அடிப்பார்கள். திறக்க முடியாது என்று சொல்லவும் திறந்தாக வேண்டும். “வாங்க” என்று அழைக்காமல் வெறுமனே தலையசைத்தால், அடுத்த கல்யாணம் வரை அதுதான் பேச்சு. வருபவர்கள் கையில் முறுக்கு இருக்கும். அதை வீட்டார் நோயாளியின் எதிரில் உட்கார்ந்தே கடிப்பதற்குச் சான்றுகள் ஏராளம்.