கைகுலுக்கும் பெருந்தகைக்கு ஒரு வாழ்த்து மடல்

ஒற்றை சிலிண்டர் க்ரூஸரின் ஹேண்டில்பார் அவர்களே, வணக்கம்.

மேடைக்கு வருகிற பிரமுகர்கள் தொண்டனின் விரல் நுனியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்கள். தாங்கள் அந்த ரகம் இல்லை. சென்னையில் பற்றிய கையைப் புதுச்சேரி வரை, ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு விடாமல் குலுக்கிக்கொண்டே வருகிறீர்கள். இறங்கி அரை மணி நேரம் ஆன பிறகும் அந்த அன்பு உள்ளங்கையில் எறும்பாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள்கூட எங்களிடம் இவ்வளவு நெருக்கம் காட்டியதில்லை.

தங்கள் குலப்பெருமை லேசுப்பட்டதா? 1955 முதல் சென்னையோடு உறவு கொண்டாடிய பழைய புல்லட் 350ஐ எடுத்துக்கொள்வோம். 70 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரே ஒரு பிஸ்டன், 90 மில்லிமீட்டர் தூரத்துக்கு ஏறி இறங்கும். அதன் உதறலைச் சமன்செய்ய எதிரில் இன்னொரு பிஸ்டன் கிடையாது. கிராங்கில் எதிர் எடை வைத்தால் மேலும் கீழுமான உதறல் குறையும்; அந்த எடையே முன்னும் பின்னுமாக உதறத் தொடங்கிவிடும். கோப்பை முடிக்காமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடும் வித்தை எங்கள் அலுவலகங்களுக்கு மட்டுமே கைவந்தது என்று நினைத்திருந்தோம். என்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றினால் நொடிக்கு 60 உதறல். ஒரு மணி நேரத்தில் 2,16,000 குலுக்கல். கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் வள்ளல் தாங்கள்.

கொடையின் வகைகளைச் சொல்லி மாளாது. பின்னால் வரும் ஒரு லாரியைக் கண்ணாடியில் மூன்றாகக் காட்டி எங்களைப் பணிவாக ஓரங்கட்ட வைக்கிறீர்கள். நம்பர் பிளேட் போல்ட்டுக்கும் சைலென்ஸர் நட்டுக்கும் பற்றறுத்துப் போகும் பக்குவத்தை அருளுகிறீர்கள். மரக்காணம் பக்கம் டீக்கடையில் நிறுத்தினால் ஹெல்மெட் பக்கிளைக் கழற்ற விரல் வருவதில்லை. கட்டைவிரல் அழுத்துகிறதா, சும்மா தடவுகிறதா என்று அதற்கே தெரியாது. "குடுங்க தம்பி, நான் கழட்டுறேன்" என்று டீ மாஸ்டர் குழந்தைக்குச் செய்வதுபோல் கழற்றிவிடுவார். கொதிக்கிற கிளாஸை நாங்கள் விளிம்பு தேடாமல் நடுவிலேயே பிடிப்பதைப் பார்த்து அவரே மிரண்டுபோவார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் தாங்கள் அல்நார் நரம்பைக் கடாட்சித்திருக்கிறீர்கள். கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை என்றால் மணிக்கட்டு வழியே போகும் மீடியன் நரம்பை. பத்து விரலும் மரத்தால் பரிபூரண அருள்.

தங்கள் பங்காளியான காற்றழுத்தச் சுத்தியின் புகழை 1918இலேயே ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்து சொன்னார். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் தொழிலாளிகளின் விரல்கள் அதன் தயவால் குளிரில் வெளுத்து மரத்துப்போயின. ஐரோப்பியர்கள் 2002இல், எட்டு மணி நேர வேலையில் ஒருவன் கைக்கு இவ்வளவுக்கு மேல் அதிர்வு போகக்கூடாது என்று வரம்பே கட்டிவிட்டார்கள். கூலி வாங்கிக்கொண்டு அதிர்கிறவனுக்குத்தான் அந்தக் கஞ்சத்தனம். கைக்காசைக் கொடுத்து அதிர்கிறவனுக்கு ஏது வரம்பு?

தங்கள் பக்தர்களின் விசுவாசத்தையும் சொல்ல வேண்டும். சக்திவாய்ந்த மோட்டார்சைக்கிள் என்ஜினின் அதிர்வு கைபேசிக் கேமராவைப் பழுதாக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் எச்சரித்தது. இன்று பதறிப்போய் ரப்பர் வைத்த ஸ்டாண்டு வாங்கிக் கைபேசியை மாட்டுகிறார்கள். அதற்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் கைக்கு ஒன்றும் வாங்குவதில்லை. கைக்கு ஈஎம்ஐ கட்டவில்லை அல்லவா.

2020இல் மீட்டியோர் 350 என்ற க்ரூஸர் வந்தபோது, கிராங்கின் உதறலை முறியடிக்க ஒரு சமன் தண்டை உள்ளே வைத்துத் தங்களை அவமதித்தார்கள். "வண்டி ஓட்டுற ஃபீலே இல்லப்பா" என்று பக்தர்கள் விட்ட பெருமூச்சு தங்கள் காதிலும் விழுந்திருக்கும். வலி போய்விட்டதே என்று இப்படி ஏங்க வைப்பதற்குத் தனிக் கீர்த்தி வேண்டும்.

ஆனால் எச்சரிக்கை. பட்டறைகளில் சில துரோகிகள் இருக்கிறார்கள். என்ஜினை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட்டுகளை முதலில் முறுக்கிப் பார் என்கிறார்கள். செயின் லூஸைச் சரிசெய், ஹேண்டில் முனையில் எடை மாட்டு என்கிறார்கள். கிளட்ச் லீவரைக் கொஞ்சம் கீழே சாய்த்து, மணிக்கட்டு மடியாமல் நேராக இருக்கும்படி வைக்கிறார்கள். ஜெல் கிளவுஸ் உதவும், ஆனால் ரொம்பத் தடிமனாக வாங்கினால் இன்னும் இறுக்கிப் பிடிப்பாய் என்று அதிலும் நுணுக்கம் பேசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கைப்பிடியைத் தளர்த்து, பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறை, மணிக்கு ஒரு தடவை இறங்கி நட என்று தங்கள் வருமானத்திலேயே கைவைக்கிறார்கள். காசு செலவில்லாத யோசனை என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள். தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

அடியார்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். மறுநாள் காலையிலும் விரல் மரத்தே இருந்தால், பிடிப்பு தளர்ந்து சாமான் கைநழுவினால், நரம்பு மருத்துவரைப் பாருங்கள். தயவுசெய்து ஆட்டோவில் போங்கள்.