தபால்காரர் மட்டும் போடாத பெட்டி

எங்கள் வீட்டு கேட்டில் ஒரு தகரப் பெட்டி தொங்குகிறது. மனைப்பிரிவு நோட்டீஸ், ட்யூஷன் நோட்டீஸ், கேபிள் ரசீது, தேர்தல் வந்தால் பூத் சிலிப், பக்கத்து வீட்டுச் சாவி எல்லாம் அதில் விழும். தபால்காரர் மட்டும் எதையும் போடமாட்டார். "ஏங்க, போஸ்ட்டுங்க!" என்று கூப்பிட்டுக் கையில் கொடுத்து, யாரிடமிருந்து வந்தது என்பதையும் அவரே சொல்லிவிட்டுப் போவார்.

அமெரிக்காவில் இதெல்லாம் நடக்காது. வீட்டுக்காரர் தன் காசில் வாங்கி நட்ட பெட்டியாகவே இருக்கட்டும், தபால்தலை இல்லாத கடுதாசியை அதில் போட்டால் குற்றம். 1934இல் வந்த சட்டம். நியூயார்க் பக்கம் கிரீன்பர்க் என்ற ஊரின் குடியிருப்போர் சங்கங்கள், எங்கள் நோட்டீஸைப் போட்டால் என்ன என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 1981இல் தோற்றுத் திரும்பின. அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோவில் ராமநவமி நோட்டீஸெல்லாம் அங்கே எந்த மூலைக்கு?

நம்மூர்ச் சட்டம் பெட்டியை விட்டுவிட்டு, கொண்டுபோகிற ஆளைப் பிடித்தது. 1898ஆம் வருட அஞ்சல் சட்டப்படி கடிதம் சுமப்பது சர்க்காரின் தனியுரிமை. அந்தப் பக்கம் போகிற சிநேகிதர் கொண்டுபோகலாம். கூலியோ வேறு ஆதாயமோ கூடாது. அப்படியானால் வாழப்பாடிக்குக் கடுதாசி கொண்டுபோன மாமாவுக்குப் பெரியம்மா போட்ட கறிச்சோறு எந்தக் கணக்கில் வரும்? வக்கீல்களைத்தான் கேட்கவேண்டும். பயணிகளை ஏற்றுகிற வண்டிக்காரர்களும் அவர்களுடைய ஆட்களுமோ சும்மாகூடக் கடிதத்தைத் தொடக்கூடாது. மீறினால் கடிதம் ஒன்றுக்கு 50 ரூபாய் வரை அபராதம். "அண்ணா, ஆத்தூர் ஸ்டாண்டுல தம்பி நிப்பான், குடுத்துருங்க" என்று கண்டக்டரிடம் கவரை நீட்டாத குடும்பம் எங்கள் ஆத்தூர் ரோட்டில் உண்டா? ஒழுங்காக வசூலித்திருந்தால் பாவம், அவர் டிக்கெட் பையோடு ஒப்படைத்திருக்க வேண்டும்.

2023ஆம் வருடத்துப் புதுச் சட்டம் அந்தத் தனியுரிமையைக் கைகழுவி, தபால்தலை வெளியிடுவதை மட்டும் வைத்துக்கொண்டது. 2024 ஜூன் 18 முதல் கண்டக்டர்கள் நிரபராதிகள். கடுதாசி எழுதத்தான் ஆளில்லை.

ஆனால் எழுதாத சட்டம் ஒன்று எங்கள் தெருவில் கடுமையாக அமலில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையைப் பெட்டியில் போடக்கூடாது. தட்டில் குங்குமத்தோடு நேரில் வந்து வைக்கவேண்டும். போன வைகாசியில் ஒரு சொந்தக்காரர், கேட் பூட்டியிருக்கிறதே என்று பெட்டியில் செருகிவிட்டுப் போய்விட்டார். முகூர்த்தத்தன்று கிளம்பலையா என்று அத்தையைக் கேட்டேன்.

"பத்திரிகை பெட்டிக்குத்தானே வெச்சாங்க? அதுவே போயி மொய் எழுதிட்டு வரட்டும்."