தட்டிப் பார்ப்பவர்

வீட்டுக்கு வந்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே இவர்களுக்குக் கை நீண்டுவிடும். டீப்பாயின் மேல் விரல் முட்டியால் ‘டொக், டொக்’ என்று இரண்டு தட்டு. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருப்பு. அதற்கப்புறம்தான், “அம்மாவுக்கு முட்டிவலி எப்படி சார் இருக்கு?”

குறைந்த செலவில், சொந்தக் கையால், வீட்டிலேயே ஆடியோ ரேக் கட்டுகிறவர்களைச் சொல்கிறேன். பொதுப்படையாகத்தான் சொல்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் லிஃப்டுக்கு எதிர்வீட்டில் இருப்பவரை நான் குறிப்பிடவே இல்லை.

விஷயம் சின்னது. ஒரு டர்ன்டேபிள், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு சிடி பிளேயர், அப்புறம் என்னவென்று கேட்டுவிட்டால் ஒரு மணி நேரம் விளக்கம் கிடைக்கக்கூடிய ஒரு கறுப்புப் பெட்டி. இவற்றை வைக்க ஐந்து தட்டில் ஒரு அலமாரி வேண்டும். வெளிநாட்டு ரேக் என்றால் லட்ச ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். இவருடைய பட்ஜெட் 5,000. இரண்டு தொகைக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தை இவர் தட்டியே தூர்த்துவிடப் பார்க்கிறார்.

தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. இசைத்தட்டில் ஓடும் முள்ளுக்குப் பாட்டின் அதிர்வு எது, பலகையின் அதிர்வு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஸ்பீக்கர் அதிர, அதில் பலகை அதிர, பலகையோடு முள்ளும் அதிர, அதையும் ஆம்ப்ளிஃபயர் பெருக்கி மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்ப, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், பாட்டுக்கு அடியில் ‘ஊ...ம்’ என்று ஓர் உறுமல் கிளம்பிவிடும். ஆகவே நல்ல பலகை என்பது தட்டினால் ‘டங்’ என்று நீளக் கூடாது. ‘தொப்’ என்று அங்கேயே விழுந்துவிட வேண்டும். அப்படி விழுகிற பலகையை இவர் ‘டெட்’ என்பார். இவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது. ஒரு துக்க வீட்டில், மாலை போட்ட படத்துக்குக் கீழே இருந்த பர்மா தேக்கு மேஜையைத் தட்டிவிட்டு, “சுத்தமா டெட், சார்” என்று என் காதில் சொன்னார். காதில்தான் சொன்னார். அந்தக் கூடத்தின் எதிரொலி அவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

வங்கி மேனேஜரின் மேஜை, கல்யாண மண்டபத்து மேடை, ஜவுளிக் கடை கவுண்டர், தாலுகா அலுவலகத்தின் பீரோ என்று இவர் முட்டி படாத மரமும் தகரமும் வட்டாரத்தில் இல்லை. இருமலுக்குப் போன இடத்தில் டாக்டர் இவர் முதுகில் விரல் வைத்துத் தட்டிப் பார்த்திருக்கிறார். இவர் ஆவலாகத் திரும்பி, “எப்படி டாக்டர், ஹாலோவா கேக்குதா?” என்றாராம். டாக்டர் மருந்துச் சீட்டில் கூடுதலாக எதையோ எழுதிக் கொடுத்தார்.

பிளைவுட் கடைக்கு இவரோடு போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். கடைக்காரருக்குத் தெரிந்த வாடிக்கையாளர்கள் விலை கேட்பவர்களும் கரையான் வருமா என்று கேட்பவர்களும்தான். இவர் முதலில் ஃபேனை நிறுத்தச் சொல்வார். அப்புறம் லாரியிலிருந்து சரக்கு இறக்குகிறவர்களை ஒரு நிமிஷம் சும்மா இருக்கச் சொல்வார். 19 மில்லிமீட்டர் கமர்ஷியலில் ஒரு தட்டு, மரைனில் ஒரு தட்டு. நடுவில், ஓரத்தில், மூலையில், மறுபடி நடுவில். ஒரே கம்பெனி, ஒரே அடுக்கு, பக்கத்துப் பக்கத்து ஷீட்டுகள். அதில் ஒன்றைக் காட்டி, “இது கொஞ்சம் பேசுது” என்றார். கடைப் பையன் தன் பங்குக்கு ஒரு தட்டு தட்டி, “ஆமா சார், பேசுது” என்றான். வியாபாரம் தெரிந்த பையன். பேசாததை இவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, பேசுவதை அடுத்து வந்தவருக்கு விற்றிருப்பான். அந்தப் புண்ணியவான் வீட்டுச் சமையலறை இன்றைக்கு என்னென்ன பேசுகிறதோ.

8-க்கு 4 அடி ஷீட்டை 24-க்கு 16 அங்குலத்தில் அறுத்தால் 12 பலகை. ரேக்குக்கு ஐந்து போதும். மிச்சம் ஏழும், வீணாக்கக் கூடாது என்று, அடுக்ககம் முழுக்க அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தன. எங்களுக்கு வந்ததன் மேல் காஸ் சிலிண்டர் நிற்கிறது. இனி சிலிண்டருக்கு எந்த அதிர்வும் இருக்காது என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்.

ஒரு கல்யாணத்துக்காக இரண்டு குடும்பமும் சேர்ந்து திருநெல்வேலி போயிருந்தோம். நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் இசைத் தூண்கள் இருக்கின்றன. நடுவில் பெரிய தூண், சுற்றிலும் மெல்லிய தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியவை. தட்டினால் ஸ்வரம் வரும். மதுரையிலும் சுசீந்திரத்திலும் ஆழ்வார்திருநகரியிலும்கூட இப்படி உண்டு. வாழ்நாளெல்லாம் தட்டியதற்கு இந்த மனிதருக்கு இங்கேதான் பலன் கிடைக்கப்போகிறது என்று நானே ஆசையாகக் கூட்டிப்போய் நிறுத்தினேன். முட்டியால் மெல்ல ஒரு தட்டு. கல் பாடியது. காதைக் கொண்டுபோய் ஒட்டிவைத்தார். முகம் வாடிவிட்டது.

“ரொம்ப ரிங் ஆகுது சார். இது மேல எதையும் வைக்க முடியாது.”

கருங்கல்லைப் பாடவைத்த சிற்பியின் மேல் அவருக்கு வந்தது பரிதாபம்தான். வெளியே வரும் வழியில் பிராகாரத்துத் தரைக்கல்லைக் குனிந்து தட்டிப் பார்த்து, அதில்தான் கொஞ்சம் ஆறுதல் அடைந்தார்.

மற்ற பழக்கங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டுகளைத் தாங்குவதற்கு நான்கு த்ரெட் ராட். பாரிமுனையில் மீட்டர் நீளத்தில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் ராட். பலகையின் நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு ராடில் கோத்து, பலகைக்கு மேலே ஒரு வாஷர், ஒரு நட்டு. கீழே ஒரு வாஷர், ஒரு நட்டு. ஐந்து பலகைக்கு 40 நட்டு. நல்ல யோசனைதான், எந்தத் தட்டையும் எந்த உயரத்துக்கும் ஏற்றி இறக்கலாம். ஆனால் இந்த ராடில் நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1.75 மில்லிமீட்டர்தான் நகரும். ராடின் நடுவுக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 285 சுற்று. மாலை வேளையில் இவர் வீட்டுக் கூடத்தில் மனைவி, மகன், மாமியார், தண்ணீர் கேன் போட வந்த பையன் என்று ஆளுக்கு ஒரு ராடை மடியில் போட்டு வாய் பேசாமல் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது ஏதோ கூட்டு ஜபம் நடப்பதுபோல் இருந்தது.

அப்புறம் ரசமட்டம். குமிழி நடுவிலிருந்து வலப்பக்கம் ஒரு மயிரிழை தள்ளியிருக்கும். வலப்பக்க நட்டைக் கால் சுற்று இறக்குவார். குமிழி இடப்பக்கம் போகும். இடப்பக்கத்தைக் கால் சுற்று இறக்குவார். குமிழி நடுவுக்கு வந்துவிடும், பலகை ஆடும். மூன்று மூலை நட்டில் உட்கார்ந்திருக்க, நாலாவது மூலை அந்தரத்தில். அதை இறுக்கினால் குமிழி மறுபடி கிளம்பிவிடும். அந்தக் குமிழியைத் துரத்திக்கொண்டே இவர் ஒரு விடுமுறை நாளின் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் கடந்து போனதை அவர் மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ராடுகளுக்கு அடியில் பித்தளைக் கூம்புகள், லேத் பட்டறையில் கடைந்து வாங்கியவை. ஸ்பைக் என்று பெயர். மேலைநாட்டு வீடுகளில் பல இடங்களில் மரத்தரை, அதன் மேல் கார்ப்பெட். ஆள் நடந்தாலே தரை துள்ளும், முள் தாவும். கார்ப்பெட்டைத் துளைத்துக்கொண்டு தரையில் ஊன்றி நிற்க அங்கே ஸ்பைக் வேண்டும். இங்கே கான்கிரீட் தளம், மேலே டைல்ஸ். இவர் மாமியார் நாளெல்லாம் அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் நடந்தாலும் முள்ளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனாலும் ஸ்பைக் வைத்தார். டைல்ஸில் கீறல் விழுந்தது. கீறாமலிருக்க ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் அடியில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் வைத்தார். அந்த இருபது ரூபாயும் பட்ஜெட்டில் எழுதப்பட்டிருக்கிறது. தெருப் பையன்களின் டென்னிஸ் பந்துகள் இரண்டு காணாமல் போய், நான்கு அரைப்பந்துகளாக டர்ன்டேபிளின் அடியில் அகப்பட்டது மட்டும் எதிலும் எழுதப்படவில்லை.

அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். இவர் தட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்ட பொருள், அதற்கப்புறம் அதன் சொந்தக்காரர் வீட்டில் அதிக நாள் தங்குவதில்லை. எங்கள் சமையலறையை மாற்றிக் கட்டியபோது எடுத்த கடப்பாக் கல் ஒன்று பால்கனியில் கிடந்தது. அம்மா அதன் மேல்தான் துணி விரித்து வடகம் காயவைப்பாள். தட்டினார். கல் கணீரென்றது. தப்பித்தோம் என்று நினைத்தேன். “அடியில சைக்கிள் ட்யூபைப் பாதிக் காத்தோட வெச்சா அடங்கிடும் சார்” என்றார். அந்த வாரத்துக்குள் கல்லும் போயிற்று, என் பையனின் பழைய சைக்கிளிலிருந்து பின் ட்யூபும் போயிற்று. கேட்காமல் எடுத்தார் என்று சொல்ல முடியாது. “சும்மாதானே சார் கிடக்கு” என்றார். அது கேள்வி என்று எனக்குத்தான் தெரியவில்லை.

என் டிரில்லிங் மெஷினும் அங்கேதான் இருக்கிறது. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் இரண்டாம் மாடிக்குப் போய் என் மெஷினை நானே இரவல் வாங்கி வருகிறேன். “பிட்டு உடையாம பாத்துக்கங்க சார்” என்று சொல்லித்தான் தருவார். பாரிமுனைக்குப் போனது என் காரில். அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியது நான். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, நாடே கண்ணயரும் நேரத்தில், தலைக்கு மேல் ஓட்டை போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தது நானும் என் குடும்பமும். இதற்கு எந்த இயற்பியல் சமாதானமும் கிடையாது. சிக்கனமாக இருக்க விரும்புகிறவர் தன் பொருளில் சிக்கனமாக இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். ரேக் முடிந்ததும் இவர் முதலில் அழைத்தது என் அம்மாவை. அம்மாவுக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். அதை எப்போதோ கேட்டு மனதில் வைத்திருந்து, எங்கெங்கோ அலைந்து, காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய இசைத்தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். முட்டிவலிக்காரிக்கு லிஃப்ட் வாசலிலேயே நாற்காலி போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். முள்ளை இறக்கினார். ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிஷம் போல, நடுவில் எழுந்திருக்கவில்லை, எதையும் தட்டவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பொய் சொல்வானேன், அவ்வளவு நன்றாக இருந்தது. வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

முடிந்ததும் தாங்க முடியவில்லை இவருக்கு. “தவில் எவ்ளோ டைட்டா இருக்கு பாத்தீங்களாம்மா?”

“நல்லா இருந்துச்சுப்பா. தவில் யாரு?”

முழித்தார். உறையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதற்குள் அம்மா ரேக்கின் மேல்தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது நம்ம வடகக் கல்லாட்டம் இருக்கே?” என்றாள்.

அன்று மாலையே கணக்குத் தாளோடு கீழே வந்தார். பிளைவுட், அறுப்புக் கூலி, ராட், நட்டு, வாஷர், ஸ்பைக், நாணயம் என்று வரி வரியாக எழுதி, கூட்டுத்தொகை 4,970. பட்ஜெட்டுக்குள் முடித்துவிட்டாராம். மிச்சமிருக்கும் 30 ரூபாய்க்கு இருவரும் டீ சாப்பிடலாம் என்றார்.

“எங்க கல்லு இதுல எங்கே இருக்கு?” என்று கேட்டேன்.

அவருக்கு மனசு சங்கடப்பட்டுவிட்டது. “என்ன சார் நீங்க, உங்க பொருளுக்குப் போய் நான் விலை போடுவேனா?”